99 ஜெயிச்சும் ஸ்டேடியம் ஏன் காலி? டாம்பா பே ரேஸ் கணக்கு

(திரையில்: மூடிய கூரைக்குள் ஒரு பேஸ்பால் ஆட்டம். தேதி: 2023 அக்டோபர் 3, செவ்வாய். பிற்பகல் 3:08. கேமரா மெதுவாக மேல் அடுக்குக்குத் திரும்புகிறது. அங்கே ஆளே இல்லை.)

பேஸ்பால் பிளேஆஃப். மூணு ஆட்டத் தொடர்ல முதல் ஆட்டம். சொந்த ஊர் அணியான டாம்பா பே ரேஸ் அந்த சீசன்ல 99 ஆட்டம் ஜெயிச்சிருந்தது. சீசனோட முதல் 13 ஆட்டத்தையும் வரிசையா ஜெயிச்ச அணி. அன்னைக்கு வந்த கூட்டம் 19,704.

கோவிட் கட்டுப்பாடு இருந்த 2020-ஐ ஒதுக்கி வெச்சுட்டுப் பார்த்தா, ஒரு பிளேஆஃப் ஆட்டத்துக்கு இவ்வளவு குறைச்சலா ஆள் வந்தது 1919-க்கு அப்புறம் இதுதான் முதல் தடவை. மறுநாளும் ரேஸ் தோத்து வெளியே போனாங்க. அவங்களை ஜெயிச்ச டெக்சாஸ் ரேஞ்சர்ஸ்தான் அந்த வருஷ சாம்பியன்.

இப்படி ஒரு அணிக்கு ஏன் கூட்டம் வரல? "ஃப்ளோரிடாக்காரங்களுக்கு பேஸ்பால் பிடிக்காது"ன்னு ஒரே வரியில முடிச்சிடுவாங்க பல பேர். அது தப்பு. பிடிக்கிறதுக்கும் வர்றதுக்கும் நடுவுல ஒரு வளைகுடா இருக்கு. உவமைக்குச் சொல்லல, நிஜமாவே தண்ணிதான்.

(திரையில்: மேற்கு ஃப்ளோரிடா வரைபடம். டாம்பா வளைகுடா நீல நிறத்தில். அதன் மேற்குக் கரையில் ஒரு தீபகற்பம்.)

பேரு டாம்பா பே. ஸ்டேடியம் டாம்பாவுல இல்ல. ட்ராபிக்கானா ஃபீல்டு இருக்கிறது வளைகுடாவுக்கு இந்தப் பக்கம், பினெல்லஸ் கவுன்ட்டியில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி), செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரத்துல. அதுவும் தீபகற்பத்தோட தெற்கு முனையில. மேற்கே மெக்சிகோ வளைகுடா. கிழக்கேயும் தெற்கேயும் டாம்பா வளைகுடா.

ஒரு ஸ்டேடியத்துக்கு இடம் பார்க்கிறவங்க முதல்ல செய்ற வேலை, வரைபடத்துல அதைச் சுத்தி ஒரு வட்டம் போட்டு, அதுக்குள்ள எத்தனை பேர் குடியிருக்காங்கன்னு எண்ணுறது. இங்க வட்டம் போட்டா பெரும்பகுதி தண்ணியில விழும். தண்ணிக்குள்ள டிக்கெட் வாங்க யாரும் இல்ல.

2020 கணக்கெடுப்புப்படி பினெல்லஸ்ல ஏறக்குறைய 9.6 லட்சம் பேர். எதிர்க்கரையில டாம்பா இருக்கிற ஹில்ஸ்பரோ கவுன்ட்டியில 14.6 லட்சம் பேர். ஆளும் அங்க அதிகம், பெரிய அலுவலகங்களும் அங்கதான். அங்கிருந்து வர மூணு பாலம்: ஹோவர்ட் ஃப்ராங்க்லண்ட், கேண்டி, கோர்ட்னி கேம்பெல். நேர் வழி முதல் ரெண்டும்தான். ரயில் கிடையாது.

(திரையில்: கடிகாரம். மாலை 5:00. பாலத்தின் மேல் கார் விளக்குகள் வரிசையாக.)

இப்போ ஒரு செவ்வாய்க்கிழமையை எடுத்துக்கலாம். டாம்பாவுக்குக் கிழக்கே, பிராண்டன்ல ஒரு குடும்பம், ரெண்டு குழந்தைங்க. ஆட்டம் 6:40-க்கு. அப்பா அம்மா அஞ்சு மணிக்கு வேலை முடிக்கிறாங்க. குழந்தைங்களைக் கூட்டிக்கிட்டு, டாம்பா நகரத்தை முழுசாக் கடந்து, வேலை முடிஞ்சு வீடு திரும்புற கூட்டத்தோட கூட்டமா பாலம் ஏறணும். காலி ரோட்டுலயே முக்கால் மணி நேரம் ஆகிற தூரம் இது. அந்த நேரத்துல எவ்வளவு ஆகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கோடையில இந்தப் பகுதியில பிற்பகல்ல இடி மழை ஏறக்குறைய தினசரி வழக்கம். பாலத்து மேல ஒரு கார் இன்னொன்ன உரசினா போதும், முதல் ரெண்டு இன்னிங்ஸ் போச்சு.

ஆட்டம் முடிய 9:20. பந்து எறிய நேர வரம்பு வைக்கிற பிட்ச் கிளாக் வந்த பிறகுதான் இந்தக் கணக்கு. 2022-ல சராசரி ஆட்டம் 3 மணி நேரத்துக்கு மேல ஓடுச்சு, 2023-ல 2 மணி 40 நிமிஷமாக் குறைஞ்சது. அப்படியும் வீட்டுக்குப் போய்ச் சேர பத்தரை. காலையில ஸ்கூல். ஃப்ளோரிடாவுல பள்ளிகள் ஆகஸ்ட் இரண்டாவது வாரமே திறந்துடும். லீக்ல போட்டி சூடு பிடிக்கிற ஆகஸ்ட், செப்டம்பர்ல ஸ்கூல் நாள் ராத்திரிதான் ஆட்டம்.

இந்தக் குடும்பம் ரேஸ் ரசிகர்கள்தான். டிவியில தினம் பார்ப்பாங்க. உள்ளூர் டிவியில இந்த அணிக்குப் பார்வையாளர் எண்ணிக்கை பல வருஷம் நல்லாவே இருந்திருக்கு. ஸ்டேடியத்துக்கு வருஷத்துல ரெண்டு சனிக்கிழமை வருவாங்க, அவ்வளவுதான்.

ஆனா பேஸ்பாலுக்கு ரெண்டு சனிக்கிழமை பத்தாது. ஐபிஎல்ல ஒரு அணிக்கு லீக் சுற்றுல சொந்த மைதான ஆட்டம் 7. அமெரிக்கக் கால்பந்து அணியான டாம்பா பே பக்கனியர்ஸுக்கு 8 அல்லது 9. பேஸ்பால்ல 81. அதுல பெரும்பாதி வார நாள் ராத்திரி. வார இறுதியை நிரப்ப ரேஸ் நிர்வாகத்துக்கு நல்லாவே தெரியும். சனிக்கிழமை ஆட்டம் முடிஞ்சதும் இசை நிகழ்ச்சி நடத்தினாங்க, கூட்டம் வந்துச்சு. 2006-ல பார்க்கிங் கட்டணத்தையே எடுத்தாங்க, வெளிச்சாப்பாடு கொண்டுவரலாம்னாங்க. எல்லாமே சரியான யோசனைதான். எதுவும் பாலத்தோட நீளத்தைக் குறைக்கல.

(திரையில்: 2010 செப்டம்பர்.)

இதுக்கு எதிரா ஒரு ஆதாரம் இருக்கு, அதையும் சொல்லிடணும். 2010 செப்டம்பர்ல பிளேஆஃப் இடத்தை உறுதி செய்யக்கூடிய ஒரு ராத்திரி, வந்தது 12,446 பேர். அணியோட நட்சத்திர வீரர்கள் டேவிட் பிரைஸ், எவன் லாங்கோரியா ரெண்டு பேரும் கூட்டம் வராததைப் பத்தி வெளிப்படையாவே வருத்தப்பட்டாங்க. உடனே நிர்வாகம் சீசனோட கடைசி சொந்த ஊர் ஆட்டத்துக்கு 20,000 டிக்கெட்டை இலவசமாக் கொடுத்தது. அது புதன்கிழமை. 36,000-க்கு மேல வந்தாங்க.

அப்போ பாலம் ஒரு தடை இல்லையேன்னு கேட்கலாம். ஒரு நாளுக்குத் தடை இல்லதான். இலவசம், கடைசி ஆட்டம், ஊரே பேசின விஷயம்னா யாரும் பாலம் ஏறுவாங்க. அடுத்த வருஷம் மே மாசத்துல ஒரு சாதாரண திங்கள்கிழமைக்கு அதே ஆள் காசு கொடுத்து ஏறுவாரா? அங்கதான் கணக்கு உதைக்குது. 2019 மே 28-ல டொரண்டோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு வந்த கூட்டம் 5,786. அந்த வருஷம் ரேஸ் 96 ஆட்டம் ஜெயிச்சு பிளேஆஃப் போன அணி.

இங்க ஒரு நுணுக்கம். பேஸ்பால்ல அறிவிக்கிற கூட்டம் வித்த டிக்கெட் எண்ணிக்கை. வாசல்ல நுழைஞ்ச தலை எண்ணிக்கை இல்ல. டிக்கெட் வாங்கிட்டு வராம இருக்கிறவங்களைக் கழிச்சா, நாற்காலியில உட்கார்ந்தவங்க இன்னும் குறைவு.

வார நாளை நிரப்புறது யாருன்னு பார்த்தா, மற்ற ஊர்கள்ல சீசன் டிக்கெட். அதுலயும் கம்பெனிகள். ஒரு வக்கீல் அலுவலகமோ வங்கியோ 81 ஆட்டத்துக்கும் நாலு சீட் வாங்கி வெச்சுக்கும். இன்னைக்கு வாடிக்கையாளர், நாளைக்கு ஊழியர்னு மாத்தி மாத்தி அனுப்பும். அதுக்கு ஸ்டேடியம் ஆபீஸ்ல இருந்து நடக்கிற தூரத்துல இருக்கணும், இல்ல பத்து நிமிஷக் கார் தூரத்துல. டாம்பாவோட அலுவலகங்கள் குவிஞ்சிருக்கிறது நகர மையத்துலயும், ஹோவர்ட் ஃப்ராங்க்லண்ட் பாலத்தோட டாம்பா முனையில இருக்கிற வெஸ்ட்ஷோர்லயும். பாலத்துக்கு அந்தப் பக்கம்.

ஒப்பிட ஒரு அணி பக்கத்துலயே இருக்கு: டாம்பா பே லைட்னிங். ஐஸ் ஹாக்கி! பனியே பார்க்காத ஊர்ல ஐஸ் ஹாக்கி அரங்கம் வருஷக்கணக்கா நிரம்பி வழியுது, 19,092 இருக்கை. அது டாம்பா நகர மையத்துல இருக்கு. சொந்த ஊர் ஆட்டம் 41 மட்டும், பேஸ்பால்ல பாதி. லைட்னிங் கோப்பைகளும் ஜெயிச்சிருக்காங்க, அதையும் சேர்த்துத்தான் பார்க்கணும். ஆனா "இந்த ஊருக்கு விளையாட்டுல ஆர்வம் இல்ல"ங்கிற வாதம் இதோட முடிஞ்சது.

(திரையில்: 1990. புதுக் கட்டடம். சாய்ந்த வெள்ளைக் கூரை.)

அப்புறம் ஏன் அங்க கட்டினாங்க? அணி வர்றதுக்கு முன்னாடியே கட்டினாங்க, அதான் காரணம். செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரம் டாம்பாவை முந்தணும்னு கட்டடத்தை முதல்ல எழுப்பிட்டு அணியைத் தேடிச்சு. 1990-ல திறந்தாங்க. சிகாகோ ஒயிட் சாக்ஸ் வர்ற மாதிரி இருந்து வரல. 1992-ல சான் ஃபிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸை வாங்க ஒப்பந்தமே போட்டாங்க, லீக் உரிமையாளர்கள் மறுத்துட்டாங்க. கடைசியா 1998-ல புது அணி. முதல் வருஷம் 25 லட்சம் பேர் வந்தாங்க. புதுசுங்கிற ஆசை. அடுத்த வருஷமே 18 லட்சத்துக்குக் கீழ. முதல் பத்து சீசன்ல ஒன்பது தடவை பிரிவுல கடைசி இடம், அதுல எந்த வருஷமும் 70 வெற்றியைத் தாண்டல. ரசிகர் பழக்கம் உருவாக வேண்டிய பத்து வருஷம் அப்படிப் போச்சு.

கட்டடத்தைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. கூரை 6.5 டிகிரி சாய்வு. உள்ளே குளிர்விக்க வேண்டிய காற்றோட அளவு குறையட்டும்னு அப்படி வெச்சாங்க. ஃப்ளோரிடா வெயிலுக்கும் மழைக்கும் கூரை அவசியம், அதைக் குறை சொல்ல முடியாது. ஆனா கூரைக்குக் கீழ நாலு வளைய நடைபாதை தொங்குது. உயரத்துல அடிச்ச பந்து அதுல படும்! கீழ் ரெண்டு வளையத்துல, ஆட்ட எல்லைக்குள்ள பட்டா ஹோம் ரன், கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி. மேல் ரெண்டுல பட்டா ஆட்டம் தொடரும். இதுக்குன்னு தனி விதி எழுதி வெச்சிருக்காங்க. வெளிச்சம் மங்கல், செயற்கைப் புல். கோடை சாயங்காலத்துல திறந்தவெளியில உட்கார்ற சுகம் இங்க கிடைக்காது. ரசிகர் வராததுக்கு இது ரெண்டாவது காரணம். முதல் காரணம்னு சொல்றவங்களோட நாம ஒத்துப்போகல.

இன்னொன்னு, பாரம்பரியம். 1914-ல செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் இங்க வசந்தகாலப் பயிற்சிக்கு வந்ததுல இருந்து, இந்தப் பகுதி மத்த ஊர் அணிகளோட பயிற்சிக் களம். இன்னைக்கும் டாம்பாவுல நியூயார்க் யாங்கீஸ், கிளியர்வாட்டர்ல ஃபிலீஸ், டனீடின்ல புளூ ஜேஸ். வடக்கு மாநிலங்கள்ல இருந்து ஓய்வுக்கு வந்து குடியேறினவங்க தங்களோட பழைய அணியையும் கூடவே கொண்டுவந்தாங்க. யாங்கீஸ், ரெட் சாக்ஸ் வர்ற நாள்ல ட்ராபிக்கானா நிறையும். ஆரவாரம் பாதி எதிரணிக்கு.

(திரையில்: மூன்று ஜெர்சிகள்: பிரைஸ், லாங்கோரியா, ஸ்னெல்.)

கூட்டம் குறைவு, வருமானம் குறைவு, சம்பளப் பட்டியல் சிறுசு. அதனால நட்சத்திரத்துக்குச் சம்பளம் ஏறுற நேரத்துல அவரை வேற அணிக்குக் கொடுத்து, பதிலுக்கு இளம் வீரர்களை வாங்கிடுவாங்க. பிரைஸ் 2014-ல டெட்ராய்ட்டுக்கு. லாங்கோரியா 2017 டிசம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு. பிளேக் ஸ்னெல், 2020-ல உலகத் தொடர்ங்கிற இறுதித் தொடர் ஆடி ரெண்டு மாசத்துல, சான் டியேகோவுக்கு. அணியைக் கட்டுறதுல இது கெட்டிக்காரத்தனம்: 2019 முதல் 2023 வரை அஞ்சு வருஷமும் பிளேஆஃப். ஆனா குழந்தைக்கு எந்தப் பேர் போட்ட ஜெர்சி வாங்குறதுன்னு பெத்தவங்க யோசிக்க வேண்டியிருக்கு.

இப்படியும் அணி பிழைக்குது, ஏன்னா லீக் பங்கிடுது. ஒவ்வொரு அணியும் தன் உள்ளூர் நிகர வருமானத்துல 48 சதவீதத்தைப் பொதுவுல போட்டு, 30 அணியும் சமமாப் பிரிச்சுக்கிற ஏற்பாடு. அதுக்கு மேல தேசிய டிவி பணம். 2004-ல ஸ்டூவர்ட் ஸ்டெர்ன்பர்க் குழு இந்த அணியை வாங்கினப்போ மதிப்பு சுமார் 20 கோடி டாலர். 2025-ல வித்தது சுமார் 170 கோடி டாலருக்கு. நாற்காலி காலியா இருந்தும்.

(திரையில்: கைவிடப்பட்ட திட்டங்களின் வரைபடங்கள், ஒன்றன்பின் ஒன்றாக.)

தீர்வுன்னு வந்ததெல்லாம் வேகமாப் பார்த்துடலாம். 2008 வாக்குல செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கடலோர ஸ்டேடியம், கைவிட்டாங்க. 2018-ல டாம்பாவுல ஈபோர் சிட்டி, 89.2 கோடி டாலர் திட்டம், அதே டிசம்பர்ல கைவிட்டாங்க. 2019-ல பாதி சீசன் இங்க, பாதி கனடாவுல மாண்ட்ரியல்ல ஆடலாம்னு ஒரு யோசனை. கூட்டம் வராம 2004-ஓட சொந்த அணியை இழந்த ஊர் மாண்ட்ரியல்! 2022 ஜனவரியில லீக்கே அதை நிராகரிச்சது. 2024-ல ட்ராபிக்கானா இருக்கிற அதே இடத்துல 130 கோடி டாலர்ல 30,000 இருக்கை ஸ்டேடியத்துக்கு ஒப்புதல் கிடைச்சது. கட்டடம் புதுசாகியிருக்கும், பாலம் அதேதான். அக்டோபர்ல மில்டன் சூறாவளி கூரையோட 24 பலகைல 18-ஐக் கிழிச்சது. 2025 மார்ச்சுல நிர்வாகம் அந்தத் திட்டத்துல இருந்தும் விலகிடுச்சு.

கூரை போனதால 2025 சீசன் முழுக்க ரேஸ் டாம்பாவுல ஆடினாங்க, யாங்கீஸோட பயிற்சி மைதானமான ஸ்டெய்ன்ப்ரென்னர் ஃபீல்டுல. திறந்தவெளி. கோடை மழைக்குப் பயந்து, சீசனோட முதல் 22 ஆட்டத்துல 19-ஐச் சொந்த ஊர்லயே வெச்சாங்க. பாலம் பிரச்சினையா இல்லையான்னு தெரிஞ்சுக்க இதைவிட நல்ல சோதனை கிடைக்காதுன்னு பலரும் நினைச்சாங்க.

சராசரி 9,713. வித்தது ஏறக்குறைய 10,000 இருக்கைதான், அதனால ஸ்டேடியம் நிறைஞ்சு தெரிஞ்சது. ஆனா 2024-ல ட்ராபிக்கானாவுலயே சராசரி 16,500-ஐ ஒட்டி வந்தாங்க. பத்தாயிரம் சீட்டை வெச்சுக்கிட்டு முப்பதாயிரம் சீட்டுக்கு ஜோசியம் சொல்ல முடியாது. டாம்பா பக்கத்துல 30,000 இருக்கை, மேல கூரை, ஆகஸ்ட் மாசம், செவ்வாய்க்கிழமை, எதிரணி யாங்கீஸ் இல்ல. அந்த ஒரு ராத்திரி இதுவரைக்கும் வரவே இல்ல.