நிழல் தாண்டினாலும் குற்றம்

நேயர்களுக்கு என் வணக்கம். போர்ப்படம் என்றதும் பீரங்கி முழக்கமும் புகைமண்டலமும் நினைவுக்கு வருவது இயல்பே. ஆனால் நான் பல ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பார்த்துவரும் ஒரு போர்ப்படத்தில் என் மனத்தில் தங்கிவிட்ட காட்சி, நள்ளிரவில் ஒரு காவல் குடிலுக்குள் சிப்பாய்கள் அமர்ந்து சொட்டாங்கல் ஆடுவதுதான். அவர்களில் இருவர் வட கொரியர், இருவர் தென் கொரியர். பார்க் சான்-வூக் இயக்கத்தில் 2000ஆம் ஆண்டு வெளிவந்த ‘ஜாயின்ட் செக்யூரிட்டி ஏரியா’ என்னும் தென் கொரியப் படம் அது. நண்பர்களைப் போர் பிரித்துவிட்டதாகக் கதை சொல்லும் படங்கள் பல உண்டு. இந்தப் படத்திலோ பிரிவினை முன்பே இருக்கிறது. நட்புதான் பிறகு வருகிறது.

முதலில் அந்தப் பிரிவினைக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கோடுகளைப் பற்றிப் பேசத் தொடங்கினால் எனக்கு நிறுத்தத் தெரியாது என்பது வீட்டாரின் குறை. இருந்தாலும் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும் தறுவாயில் இருந்தபோது, வாஷிங்டனில் டீன் ரஸ்க், சார்லஸ் போன்ஸ்டீல் என்னும் இரண்டு இராணுவ அதிகாரிகள், நேஷனல் ஜியாகிரஃபிக் வரைபடம் ஒன்றை விரித்து வைத்துக்கொண்டு, ஏறக்குறைய அரை மணி நேரத்தில் 38ஆவது இணைகோட்டைக் கொரியாவின் பிரிவுக் கோடாகத் தேர்ந்தெடுத்தார்கள். இருவரும் கொரியாவைப் பற்றிய வல்லுநர்கள் அல்லர். 1950 ஜூன் 25 அன்று மூண்ட போர், 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்த உடன்படிக்கையோடு நின்றது. நின்றது என்றுதான் சொன்னேன், முடிந்தது என்று சொல்லவில்லை. சமாதான ஒப்பந்தம் கையெழுத்தாகாததால் சட்டப்படி அந்தப் போர் முடியவே இல்லை.

கதை நடக்கும், இரு கொரியாக்களின் எல்லையில் உள்ள பன்முன்ஜோம் என்னும் இடத்திலும் ஒரு கோடு இருக்கிறது. இரு தரப்பினரும் பேச்சு நடத்துவதற்கென்று ஒதுக்கப்பட்ட அந்தச் சிறு வளாகத்துக்குள் தொடக்கத்தில் கோடு கிடையாது. இரு தரப்புச் சிப்பாய்களும் உள்ளே எங்கும் நடமாடலாம். 1976 ஆகஸ்ட் 18 அன்று, காட்சியை மறைத்த ஒரு பாப்லர் மரத்தின் கிளைகளை வெட்டப் போன இடத்தில் கைகலப்பு மூண்டு, அமெரிக்க அதிகாரிகள் இருவர் கோடரியால் கொல்லப்பட்டார்கள். அதன் பிறகுதான் வளாகத்துக்குள்ளும் கோடு வந்தது. நீல நிறக் கூடங்களுக்கு இடையே அது ஒரு தாழ்வான கான்கிரீட் மேடாக ஓடுகிறது. குழந்தைகூட எளிதாகத் தாண்டிவிடக்கூடிய உயரம்தான். படம் வெளிவந்தபோது அந்தக் கோட்டுக்கு வயது 24. படத்தில் வரும் இளைய சிப்பாய்களுக்கும் ஏறத்தாழ அதே வயதுதான் இருக்கும்.

அந்த மேட்டின் இரு பக்கமும் எதிரெதிரே விறைத்து நிற்கும் இருவரில், வடக்குச் சிப்பாய் உதடு அசைவது தெரியாமல், உன் நிழல் கோட்டைத் தாண்டி வந்துவிட்டது, பார்த்துக்கொள் என்று தெற்குச் சிப்பாயை எச்சரிக்கிறான். வேடிக்கையாகச் சொன்னதுதான். ஆனால் நிழல் விழுவதும் குற்றமாகிவிடக்கூடிய இடம் அது என்பதும் நமக்கு உறைத்துவிடுகிறது.

அந்த நட்பு எப்படித் தொடங்கியது? இரவு ரோந்தில் சிறுநீர் கழிக்க ஒதுங்கிய தெற்குச் சிப்பாய், வழி தவறியதை உணராமல் கண்ணிவெடி ஒன்றின் மீது சிக்கிக்கொள்கிறான். அசைந்தால் உயிர் போய்விடும். அங்கே வந்த வடக்குச் சிப்பாய்கள் இருவரும் விலகிப் போகத் திரும்புகையில், அவன் வீரத்தை எல்லாம் விட்டுவிட்டு, காப்பாற்றுங்கள் என்று கெஞ்சுகிறான். திரும்பி வந்து அந்த வெடியைச் செயலிழக்கச் செய்பவராக சாங் காங்-ஹோ நடித்திருக்கிறார். பிறகு கல்லில் கட்டி எறியப்படும் கடிதங்கள், ஒரு நாள் இரவில் பாலத்தைக் கடந்து வரும் துணிச்சல், பிறகு சொட்டாங்கல். மொழிபெயர்ப்பாளர் தேவைப்படாத பகை அது என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். உறையூரை முற்றுகையிட்ட சோழன் நலங்கிள்ளியையும் கோட்டைக்குள் அடைபட்டிருந்த சோழன் நெடுங்கிள்ளியையும் நோக்கி, இருவர் சூடியிருப்பதும் ஆத்திக் கண்ணிதான், எவர் தோற்றாலும் தோற்பது உங்கள் குடியே என்று கோவூர் கிழார் பாடியது, இந்தப் படத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வரும்.

ஒரு நாள் இரவு வடக்கின் மேலதிகாரி ஒருவர் எதிர்பாராமல் குடிலுக்குள் நுழைந்துவிடுகிறார்; துப்பாக்கிகள் உயர்கின்றன. அங்கே நண்பர்களுக்குள் ஒருவர் மீது ஒருவருக்குக் கோபமில்லை, பயம் மட்டுமே இருக்கிறது. அந்தப் பயத்தில் நண்பன் சுட்ட குண்டுக்கே நண்பன் பலியாகிறான். விசாரணையில் இரு தரப்பும் பொய் சொல்கின்றன. ஓர் அறையில் உயிர் பிழைத்தவர்களை நேருக்கு நேர் உட்கார வைக்கும்போது, தெற்குச் சிப்பாய் மனமுடைந்து உண்மையைச் சொல்லிவிடும் நிலைக்கு வந்துவிடுகிறான். உடனே சாங் காங்-ஹோ சீறி எழுந்து, தம் தலைவரை வாழ்த்தி முழங்கியபடி அவன் மீது பாய்கிறார். அறையில் இருப்பவர்களுக்கு அது வெறுப்பாகத் தெரிகிறது. நண்பனின் வாயை அடைத்துக் காப்பாற்ற வேறு வழியில்லாத ஒருவரின் நடிப்பு அது என்பது பார்க்கும் நமக்கு மட்டுமே தெரிகிறது. நட்பைக் காட்டுவதற்குப் பகையையே கருவியாக்கிய இன்னொரு காட்சியை நான் கண்டதில்லை. கதையின் பெரும்பகுதியைச் சொல்லிவிட்டேன், படம் பார்க்காதவர்கள் மன்னிக்க வேண்டும். நான்கு பேரும் ஒரே சட்டகத்துக்குள் அகப்பட்ட அந்தக் கடைசிப் புகைப்படத்தை மட்டும் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் உலகப் போரைப் பின்னணியாகக் கொண்ட, ழான் ரெனுவாரின் 1937ஆம் ஆண்டுப் பிரெஞ்சுப் படமான ‘லா கிராந்த் இல்யூசியான்’ பற்றி விரிவாகப் பேசுவதாக எண்ணியிருந்தேன். கடிகாரம் இடம் தரவில்லை. அப்படத்தின் மூல நெகட்டிவ் பெர்லின், மாஸ்கோ, துலூஸ் என்று அலைந்த கதையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். ஜெர்மானியச் சிறைக்கோட்டையின் தலைவரும் அங்கே கைதியாக இருக்கும் பிரெஞ்சு அதிகாரியும் ஒரே மேட்டுக்குடியினர். தங்களுக்குள் ஆங்கிலத்தில் உரையாடிக்கொள்பவர்கள். தன் தோழர்கள் தப்பிச் செல்வதற்காக அந்தக் கைதி கவனத்தைத் தன் பக்கம் திருப்பும்போது, தலைவர் அவரைத் திரும்பிவிடுமாறு வேண்டிப் பார்த்துவிட்டு, காலைக் குறிவைத்துச் சுடுகிறார். குண்டு வயிற்றில் பாய்கிறது. அவர் இறந்த பிறகு, கோட்டையில் இருந்த ஒரே பூவான ஜெரேனியத்தை அந்தத் தலைவர் கத்தரித்து எடுக்கிறார். நேரம் முடிந்ததென்று எதிரே விளக்கு எரிகிறது. வணக்கம்.