வேட்டியின் வெள்ளையும் முகத்தின் நிறமும்

(படப்பிடிப்பில் புதிதாக இறங்கியிருக்கும் இளையோருக்குத் திருகோணமலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையில் இருக்கும் பெரியோர்களுக்கும், கமராவோடும் போனோடும் வந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் வணக்கம்.

எடுத்த படத்தை எப்படித் திருத்துவது என்பதைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் செயலி நல்லது என்பதுதான் பெரும்பாலும் எல்லோருடைய முதல் கேள்வி. போனில் ஸ்னாப்சீட் போதும். கணினியில் காசு கட்டக்கூடியவர்கள் லைட்ரூம் எடுக்கலாம். டார்க்டேபிள், கிம்ப் இரண்டும் இலவசம். அடிப்படைக் கருவிகள் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சரி, அந்தப் பேச்சை இத்தோடு விடுவோம். எதைத் தொடுவது, எங்கே நிறுத்துவது என்பதுதான் இன்றைக்கு முக்கியம்.

முதலில் படத்தை நேராக்குங்கள். நம்முடைய ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடல் படத்துக்குள் வந்துவிடும். தொடுவானம் ஒரு பாகை சரிந்தாலும் போதும், கடல் ஒரு பக்கமாக வழிவது போலத் தெரியும். கரையைப் பார்த்து நேராக்காதீர்கள், டச்சு விரிகுடாவில் கரையே வளைந்துதான் போகிறது. நீரும் வானமும் சந்திக்கிற கோட்டைப் பிடியுங்கள். உள் துறைமுகப் பக்கம் அப்படி ஒரு கோடு கிடைக்காது. எதிரே மலையும் கரையும்தான். அங்கே ஒரு கட்டடத்தின் மூலையையோ விளக்குக் கம்பத்தையோ பார்த்து நிமிர்த்துங்கள். நிமிர்த்தினால் ஓரங்கள் வெட்டுப்படும், ஆகவே எடுக்கும்போதே நாலு பக்கமும் கொஞ்சம் இடம் விடுங்கள்.

வெட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. பிரெட்ரிக் கோட்டைக்குள் தூரத்தில் நிற்கிற மானை 24 மெகாபிக்சல் கமராவில் எடுக்கிறீர்கள். படம் 6000க்கு 4000 புள்ளிகள். அகலத்திலும் உயரத்திலும் பாதியாக வெட்டினால் மிஞ்சுவது 6 மெகாபிக்சல்தான். போனில் பார்க்க அது தாராளம். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அச்சடித்தால் 10 அங்குல அகலத்துக்கு மேல் தாங்காது.

அடுத்தது வெளிச்சம். விடியற்காலையில் உப்புவெளியில் கரைவலை இழுக்கிறவர்களை எடுக்கப் போகிறீர்கள் என்று வையுங்கள். சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது, ஆட்கள் அதற்கு முன்னால். முகத்துக்கு வெளிச்சம் வைத்தால் வானம் வெளுத்துப் போகும். வானத்துக்கு வைத்தால் முகம் கறுத்துப் போகும். இந்த இடத்தில் ஹிஸ்டோகிராமைப் பாருங்கள், படத்தில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு என்று காட்டுகிற வரைபடம் அது. ஜேபெக் என்ற, கமரா சுருக்கிச் சேமிக்கிற சாதாரணப் படத்தில் இடது ஓரம் 0, முழு இருட்டு. வலது ஓரம் 255, முழு வெள்ளை. வலது சுவரில் முட்டிக்கொண்டு நிற்கிற பகுதியில் எந்த விவரமும் இல்லை. வெளிச்சப் பகுதிகளைத் திருத்துகிற ஹைலைட்ஸை எவ்வளவு கீழே இழுத்தாலும் மேகம் வராது, மங்கிய சாம்பல்தான் வரும். இருட்டுப் பக்கம் அப்படியல்ல, அங்கே பெரும்பாலும் கொஞ்சம் விவரம் மிஞ்சியிருக்கும். அதனால் கொஞ்சம் இருட்டாக எடுத்துவிட்டு, பிறகு இருட்டுப் பகுதிகளைத் திருத்துகிற ஷாடோஸை உயர்த்துங்கள். கயிற்றைப் பிடித்த கையின் நரம்பு தெரிகிற அளவில் நிறுத்திவிடுங்கள். அதற்கு மேலே போனால் நொய்ஸ் புள்ளி புள்ளியாகக் கிளம்பும். கமரா பிடித்ததைச் சமைக்காமல் அப்படியே வைத்திருக்கிற ரோ கோப்பாக எடுங்கள் என்று சொல்வதும் இதற்காகத்தான். ஜேபெக்கில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் 256 படிகள். 14 பிட் ரோவில் 16,384. தூக்குவதற்கும் இறக்குவதற்கும் அவ்வளவு இடம் இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகப் பேச ஆசைப்படுகிறேன். உங்களில் பலருக்கு முதல் சம்பளம் கல்யாண வீட்டில்தான் வரப்போகிறது. மணவறையில் மஞ்சள் பல்புகள், வெளிச்சத்தின் நிறத்தை அளக்கிற கெல்வின் கணக்கில் ஏறக்குறைய 3000. வாசலால் வருகிற பகல் வெளிச்சம் 5500 அளவில். கமரா இரண்டுக்கும் நடுவில் தடுமாறும். பொம்பிளையின் கூறை ஒரு படத்தில் செங்கல் நிறமாகவும் அடுத்த படத்தில் ஊதா கலந்தும் நிற்கும். அப்போது, வெள்ளையை வெள்ளையாகக் காட்ட நிறத்தைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸ் கருவியில் இருக்கிற சின்னத் துளிக்குழாயை எடுத்து, வெள்ளையான ஒன்றில் வையுங்கள். பருத்தி வேட்டி நல்ல சாட்சி. பட்டு வேட்டியில் வைக்காதீர்கள். பட்டு இயல்பாகவே மஞ்சள் கலந்தது. அதை வெள்ளை என்று செயலி நம்பினால் படம் முழுக்க நீலம் ஏறும். ஃபிளாஷ் வெளிச்சம் விழுந்து வெளுத்துப்போன மடிப்பிலும் வேண்டாம், நிழல் விழுந்த மடிப்பில் வையுங்கள். அப்படியும் இரண்டு வெளிச்சமும் ஒரே சட்டத்தில் இருந்தால் முழுப் படத்தையும் சரிக்கட்ட முடியாது. முகத்துக்குச் சரியாக வைத்துவிட்டு, பின்னணியை அதன் போக்கில் விடுங்கள்.

முகம் என்று வந்துவிட்டோம். இருட்டில் நிற்கிற முகத்துக்கு வெளிச்சம் கொடுப்பது ஒரு வேலை. கறுத்த தோலை வெளுப்பாக்குவது முற்றிலும் வேறு வேலை. இரண்டாவதைச் செய்யாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். சில போன்களில் அழகூட்டும் வசதி வாங்கும்போதே போடப்பட்டிருக்கும். முதல் வேலையாக அதை நிறுத்துங்கள். கண்ணும் சிரிப்பும் தெளிவாகத் தெரியும்வரை ஷாடோஸை உயர்த்துங்கள், பிறகு அதே ஆளின் கழுத்தையும் கையையும் பாருங்கள். முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம் என்றால் எல்லை தாண்டிவிட்டீர்கள். பொம்பிளையின் தாய் தன் மகளை ஆல்பத்தில் தேடக் கூடாது. வாடிக்கையாளரே வெளுப்பாக்கித் தரச் சொன்னால், நன்றாக வெளிச்சம் பிடித்துத் திருத்திய ஒரு படத்தை முதலில் காட்டுங்கள். பலர் அதிலேயே மனம் நிறைந்துவிடுவார்கள்.

வண்ணத்தைக் கூட்ட வேண்டுமென்றால் சாச்சுரேஷனை விட வைப்ரன்ஸ் பாதுகாப்பானது. முதலாவது எல்லா நிறத்தையும் ஒரேயளவாக ஏற்றும், முகம் செம்மஞ்சளாகிவிடும். மற்றது மங்கிய நிறங்களைத்தான் கூடுதலாகத் தொடும். கோணேசர் கோயில் கோபுரத்துக்கு இரண்டுமே தேவையில்லை, அங்கே நிறம் வேண்டிய அளவுக்கு இருக்கிறது. புறாமலைத் தீவுப் பக்கம் நீருக்கடியில் எடுக்கிறவர்களுக்கும் ஒரு சொல். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. ஆழம் போகப் போகப் பவளப்பாறையும் மீனும் பச்சை நீலமாகிவிடும். ஆழம் குறைந்த இடத்தில் ரோவாக எடுத்திருந்தால் சிவப்பை ஓரளவு மீட்கலாம். ஆழத்தில் எடுத்த ஜேபெக்கில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது.

கூர்மையாக்குவது கடைசி வேலை. 100 வீதப் பெரிதாக்கத்தில் கண்ணிமையைப் பார்த்துக்கொண்டு செய்யுங்கள். முடியைச் சுற்றி வெள்ளைக் கோடு விழுந்தால் குறையுங்கள். மூலப் படத்தின் மேல் ஒருபோதும் சேமிக்காதீர்கள், பிரதியில் வேலை செய்யுங்கள். ஜேபெக்கைத் திறந்து திருத்திச் சேமிக்கிற ஒவ்வொரு முறையும் தரம் கொஞ்சம் குறைகிறது. அப்புறம், வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும். அச்சகத்துக்கு அனுப்பும்போது டொக்கியுமென்ட்டாக அனுப்புங்கள்.

இனி உங்களுடைய படங்களைத் திரையில் போட்டுத் திருத்திப் பார்ப்போம். முகம் உள்ள படங்களை முதலில் தாருங்கள்.