மஞ்சள் ஜெர்சி போடாத புலிதோர்

நேயர்களுக்கு வணக்கம்.

இன்று நான் பேசப்போவது ரேமோன் புலிதோரைப் பற்றி. பிரெஞ்சுக்காரர். 1962 முதல் 1976 வரை 14 முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் ஓட்டினார். மூன்று முறை இரண்டாம் இடம், ஐந்து முறை மூன்றாம் இடம். மூன்று வாரம் நடக்கும் அந்தப் பந்தயத்தில் மொத்த நேரக் கணக்கில் யார் முன்னால் இருக்கிறாரோ அவருக்கு அன்றன்றைக்கு மஞ்சள் ஜெர்சி தருவார்கள். அதை ஒரே ஒரு நாள்கூட புலிதோர் போட்டதில்லை.

இதை வைத்தே அவரை ‘நிரந்தர இரண்டாமவர்’ என்று எழுதித் தள்ளிவிட்டார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. 1964இல் ஸ்பெயினின் வுவெல்டா சைக்கிள் பந்தயத்தை ஜெயித்தவர். 1972, 1973 இரண்டு வருடமும் பாரிஸ்–நீஸ் பந்தயம் அவருடையது. அதுவும் பெல்ஜிய வீரர் எட்டி மெர்க்ஸ் உச்சத்தில் இருந்த காலத்தில். தோற்றவர் என்று ஒதுக்கிவிடக்கூடிய கணக்கா இது?

1936இல் மத்திய பிரான்சின் க்ரூஸ் பகுதியில், பிறர் நிலத்தை விளைச்சலில் பங்குக்கு உழுத குடும்பத்தில் பிறந்தார். ராணுவ சேவையில் அல்ஜீரியா வரை போய்வந்து, 1960இல் மெர்சியே அணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு நேர் எதிரே நின்றவர் ஜாக் ஆங்கெதில். டூரை ஐந்து முறை ஜெயித்தவர், நொடிக் கணக்குப் போட்டு ஓட்டுகிற ஆள். வெற்றி ஆங்கெதிலுக்கு, கைதட்டல் புலிதோருக்கு என்று ஆகிப்போனது. அது ஆங்கெதிலை உறுத்தவும் செய்தது.

1964 டூரைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஜூலை 12. பந்தயம் ப்யூய் த டோம் என்ற பழைய எரிமலையின் மேல் ஏறுகிறது. சாலையின் இரு பக்கமும் கூட்டம் நெருக்குகிறது. நடுவில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில், தோளோடு தோள் இடிபட ஏறுகிறார்கள். மலை ஏற்றத்தில் ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு போவதுதான் வழக்கம். ஆங்கெதிலோ பின்னால் போகாமல் பக்கத்திலேயே ஓட்டினார். தான் ஓய்ந்துவிட்டது எதிராளிக்குத் தெரியக்கூடாதே! கடைசி ஒரு கிலோமீட்டருக்குள் புலிதோர் விடுபட்டு முன்னேறினார். மேலே சேர்ந்தபோது 42 நொடி ஆதாயம். மஞ்சள் ஜெர்சிக்கு இன்னும் 14 நொடி தேவைப்பட்டது. கடைசி நாள் பாரிஸுக்குள் தனித்தனியாக ஓட்டும் டைம் டிரையலில் ஆங்கெதில் ஜெயித்தார். முடிவில் வித்தியாசம் 55 நொடி.

இதைத்தான் எல்லோரும் துரதிர்ஷ்டம் என்பார்கள். சரி, அதே பந்தயத்தில் மொனாக்கோவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அன்றைய ஓட்டம் ஓடுதளத்தில் முடிகிறது. இன்னும் ஒரு சுற்று மீதி இருக்கும்போதே பந்தயம் முடிந்ததாக நினைத்து புலிதோர் முழு வேகத்தில் பாய்ந்துவிட்டார். அடுத்த சுற்றில் ஆங்கெதில் ஜெயித்து ஒரு நிமிட போனஸை, அதாவது மொத்த நேரத்தில் ஒரு நிமிடக் கழிவை, எடுத்துக்கொண்டார். ஒரு நிமிடம் அங்கே, 55 நொடி இங்கே. அப்புறம் துலூஸ் போகும் வழியில் சக்கரக் கம்பி உடைந்து சைக்கிள் மாற்றினார். தள்ளிவிட வந்த மெக்கானிக்கே அவரைக் கீழே விழ வைத்துவிட்டார். துலூஸில் நடந்தது விதி என்றால் ஒப்புக்கொள்கிறேன். மொனாக்கோவில் கவனம் போதவில்லை, அவ்வளவுதான்.

நிஜமான துரதிர்ஷ்டமும் இருந்தது. 1968இல் பந்தயத்தோடு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று அவரை இடித்துத் தள்ளியது. 1973இல், முதல் நாளின் குறுகிய டைம் டிரையலில், ஒரு நொடிக்கும் குறைவான வித்தியாசத்தில் மஞ்சள் ஜெர்சி கைநழுவியது. எனக்கு இவற்றைவிட வியப்பு 1976தான். நாற்பது வயதில் மூன்றாம் இடம். மறுவருடம் ஓய்வு பெற்றார்.

ஓய்வுக்குப் பிறகு புலிதோருக்கு இன்னொரு தொழில் அமைந்தது: புலிதோராகவே இருப்பது! மஞ்சள் ஜெர்சிக்குப் பணம் தந்த வங்கியின் சார்பில், வருடா வருடம் டூருக்கு வந்து ரசிகர்களைச் சந்தித்தார். அந்த வங்கி அவருக்குக் கொடுத்த சட்டையின் நிறம்? மஞ்சள்தான். தாத்தாக்கள் பேரப்பிள்ளைகளைக் கூட்டிவந்து கையெழுத்து வாங்கினார்கள். முகம் சுளிக்காமல் பழைய கதையைத் திரும்பத் திரும்பச் சொன்னார். 2019 டூருக்கும் வந்திருந்தார். அந்த நவம்பரில், நீண்ட காலம் வாழ்ந்த சான் லெயோனார் ஊரிலேயே 83 வயதில் காலமானார்.

ஆங்கெதிலும் அவரும் பின்னாளில் நண்பர்களானார்கள். 1987இல் ஆங்கெதில் வயிற்றுப் புற்றுநோயில் சாகக் கிடந்தபோது, “இதிலும் நீ எனக்குப் பின்னால் இரண்டாவதாகத்தான் வருவாய்” என்கிற பொருளில் தன்னிடம் சொன்னதாக புலிதோர் பிறகு நினைவுகூர்ந்தார். 32 வருடம் பிந்தித்தான் வந்தார்.

அவருடைய மகள் வயிற்றுப் பேரன் மாத்யூ வான் டெர் பூலை சைக்கிள் ரசிகர்களுக்கு நன்றாகத் தெரியும். 2021இல் தன் முதல் டூரின் இரண்டாம் நாளே ஜெயித்து மஞ்சள் ஜெர்சி போட்டார். எல்லைக் கோட்டில் கையை வானத்தை நோக்கி உயர்த்தினார். அந்தப் படத்தைத்தான் எல்லோரும் காட்டுகிறார்கள். எனக்கு அதைவிடப் பிடித்தது 2023 மார்ச்சில் நடந்தது. மிலானிலிருந்து சான் ரெமோ வரை, ஒரே நாளில் முந்நூறு கிலோமீட்டரை நெருங்கும் ஓட்டம். 1961இல் அதே பந்தயத்தில் தாத்தாவுக்கு டயர் பஞ்சராகி, போதும் என்று விலக நினைத்திருக்கிறார். அணி மேலாளர் அன்டோனின் மான்ய விடவில்லை, ஓட்டச் சொல்லி விரட்டினார். புலிதோர் ஓட்டினார், சில நொடி வித்தியாசத்தில் முதலில் வந்தார். 62 வருடம் கழித்து அந்தச் சான் ரெமோவில் பேரனும் முதலாவதாக வந்தார்.

நன்றி, வணக்கம்.