உட்கார ஓர் இடம்

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, வேலை நாளிலும் நம் அழைப்பை ஏற்று வந்திருக்கும் நகர்மன்ற உறுப்பினர்களே, நம் மனுக்களையெல்லாம் தன் கைப்பட எழுதித் தரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா அவர்களே, வாடகை வாங்காமல் மண்டபத்தைத் தந்த உரிமையாளர் அவர்களே, ஐந்து மணிக்கே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, அனைவருக்கும் என் வணக்கம். மைக் செட் போட்டுத் தந்த தம்பிக்கும் நன்றி சொல்ல வேண்டும்.

இன்று அக்டோபர் 1. ஐ.நா. சபை 1990-இல் தீர்மானம் போட்டு, உலகமெங்கும் முதியோர் தினமாகக் கொண்டாடும் நாள். ‘மூத்தோர் சொல்லும் முதுநெல்லிக்கனியும் முன்னே கசக்கும், பின்னே இனிக்கும்’ என்பார்கள். நெல்லிக்கனியைப் பற்றி நம் தருமபுரிக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இந்தத் தகடூரை ஆண்ட அதியமான், கிடைத்தற்கரிய நெல்லியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். புறநானூற்றின் 91-ஆம் பாட்டில் ஔவையே அவனை வாழ்த்திப் பாடுகிறார்.

மூன்று செய்திகள் பேச வந்தேன். உதவித்தொகை, மருத்துவம், உட்கார இடம். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ஆனது. அது எத்தனை நாள் மாத்திரைக்கு வரும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். சரி, அதை அடுத்த கூட்டத்தில் விரிவாகப் பேசுவோம்.

என் அக்காவுக்கு 74 வயது. பாப்பாரப்பட்டியில் இருக்கிறாள். போன மாசியில் கண் காட்டுவதற்காகக் காசில்லாத டவுன் பஸ் ஏறி வந்தாள். நான் பஸ் ஸ்டாண்டில் போய் அழைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரி அருகில்தான் என்று நடந்தோம். நூறு அடி போவதற்குள் முட்டியைப் பிடித்துக்கொண்டு, “தம்பி, செத்த உட்காரணும்டா” என்றாள். சுற்றிப் பார்த்தேன். ஒரு கடையில் நல்ல அகலமான படி. கிட்டே போனால், யாரும் உட்காராதபடி படி விளிம்பு நெடுகக் கம்பியை முள் மாதிரி நட்டு வைத்திருக்கிறார்கள். அடுத்த கடையில் படி முழுக்கத் தண்ணீர். அதற்கடுத்து ஒரு சுவரோரம், அங்கே பைக்குகள் வரிசையாக நின்றன. அக்கா ஒரு பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், கை நடுங்கியது.

இதைப் பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா பார்த்துவிட்டார். தான் உட்கார்ந்திருந்த பலகையை அப்படியே எங்கள் பக்கம் தள்ளிவிட்டு, கீழே சாக்கில் இறங்கி அமர்ந்துகொண்டார். “உட்காரும்மா, எனக்குத் தரை பழக்கம்தான்” என்றார். கால் மணி நேரம் இருந்தோம். கிளம்பும்போது அக்கா சுருக்குப்பையை அவிழ்த்து இரண்டு முழம் மல்லி வாங்கினாள். மாமா போன பிறகு அவள் பூ வைத்துக்கொள்வதில்லை. “சாமி படத்துக்குப் போடறேன்” என்றாள்.

அந்தப் பூக்கார அம்மாவுக்கும் அறுபது வயதுக்குக் குறையாது. ஒரு மூதாட்டிக்கு இடம் கொடுக்க இன்னொரு மூதாட்டி தரையில் இறங்க வேண்டியிருக்கிறது என்றால், இந்த நகரத்தில் நாம் என்ன கட்டி வைத்திருக்கிறோம்?

இந்த மாவட்டத்து முட்டிவலிக்கு வயது மட்டும் காரணமில்லை. நம் நிலத்தடி நீரிலுள்ள ஃபுளோரைடு பல்லில் கறையாக நிற்பதோடு போவதில்லை, எலும்பிலும் படிந்து மூட்டையும் முதுகையும் விறைக்க வைக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல்தான் தொடங்கி வைக்கப்பட்டது. இன்று எழுபதைத் தாண்டியவர்களில் எத்தனையோ பேர் அதுவரை கிணற்று நீரும் போர்த் தண்ணீரும் குடித்தே வளர்ந்து, உழைத்து, பிள்ளை பெற்றவர்கள். அவர்களைப் பார்த்து ‘நடந்தால் உடம்புக்கு நல்லது’ என்கிறோம். நடக்கட்டும். நடுவில் உட்கார வேண்டாமா?

மருத்துவத்துக்கும் இதையேதான் சொல்வேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் வந்தது. மருத்துவமனையில் முதியவர்களுக்குத் தனி வரிசை வேண்டும் என்று அதன் 20-ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால் தனி வரிசையிலும் நிற்க வைத்தால் அந்த முட்டி தாங்குமா? வரிசை ஓரமாக ஒரு பெஞ்சு வேண்டும்.

அந்தக் காலத்து வீடுகளில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் யாரென்று கேட்காமல் உட்கார்வார், ஒரு செம்பு தண்ணீரும் கிடைக்கும். திண்ணையை இடித்துக் கடைகட்டினோம், அது பிழைப்பு, குறை சொல்லவில்லை. இடித்த திண்ணைக்குப் பதிலாகத் தெருவில் ஒரு சிமெண்ட் பெஞ்சு கேட்கிறோம். முதுகு சாயும்படி, எழும்போது ஊன்றிக்கொள்ளக் கைப்பிடி உள்ளதாக, நிழலில். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலும், நான்கு ரோடு பக்கமும், ரேஷன் கடை வாசல்களிலும். நகர்மன்ற உறுப்பினர்கள் இங்கேயே இருக்கிறீர்கள். முதுநெல்லிக்கனியாக எங்கள் சொல் இப்போது கசக்கலாம். பின்னே இனிக்கும், உங்களுக்கும் ஒருநாள் எழுபது வரும்.

வரும் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் மனு கொடுக்கிறோம். வாசல் மேசையில் தாள் இருக்கிறது. கையெழுத்து வராதவர்கள் கைநாட்டு வைக்கலாம். மேசைக்கு முன்னால் நான்கு நாற்காலி போட்டிருக்கிறோம், அவசரமில்லாமல் உட்கார்ந்தே போடுங்கள். நன்றி, வணக்கம்.