பிசையும் மாவே பேசவைக்கிறது

பட்டிமன்றத் தலைப்பு: நாடு நாடாகப் பிரிந்து வாழும் யூதப் பெண்களைச் சமய வாழ்வில் அதிகம் பேசவைப்பது பிசையும் மாவா, படிக்கும் ஏடா? ‘பிசையும் மாவே’ அணியின் உரை.

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

எதிரணித் தலைவி மூன்று சாட்சிகளைக் கூண்டில் ஏற்றிவிட்டுப் போய் அமர்ந்திருக்கிறார். ஒன்று, 1917-இல் கிராக்கோ நகரில் 25 சிறுமிகளோடு சாரா ஷெனிரர் தொடங்கிய, யூதப் பெண்களுக்குச் சமயக் கல்வி தரும் பெய்ஸ் யாக்கோவ் பள்ளி. இரண்டு, 2020 ஜனவரி 5 அன்று ஜெருசலேம் மாநாட்டு அரங்கில் மூவாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் கூடி, தல்மூத் என்ற பெரிய சமயச் சட்ட நூலைப் படித்து முடித்ததைக் கொண்டாடிய விழா. மூன்று, 1988 டிசம்பரில் பல நாட்டுப் பெண்கள் தோரா என்ற வேதச் சுருளைத் தூக்கிக்கொண்டு, ஜெருசலேமின் புனிதத் தொழுகை இடமான மேற்குச் சுவருக்குப் போனது.

மூன்றும் உண்மை. சாரா அம்மையார் தையல்காரி என்பதை மட்டும் ஏனோ விட்டுவிட்டார். போகட்டும், ஊசி நூலை நான் என் கணக்கில் எழுதிக்கொள்கிறேன்.

தல்மூதின் அந்த 2,711 ஏட்டுக்கு வருகிறேன். நாளுக்கு ஓர் ஏடு, ஏழரை ஆண்டு. சும்மா இல்லை, தலைவணங்குகிறேன். ஆனால் அந்தப் படிப்பின் அழகே என்ன? இன்று நியூயார்க்கில் எந்த ஏடோ, மெல்போர்னிலும் அதே ஏடு. ஐயம் வந்தால் அதே பக்கத்தின் ஓரத்தில் பழைய உரையாசிரியர் ராஷியின் உரை காத்திருக்கிறது. பிறகு அடுத்த நாட்டுக்காரியைக் கூப்பிட்டு, ‘அக்கா, உங்க ஊர்ல இதை எப்படிச் செய்றீங்க?’ என்று கேட்க வேண்டிய அவசியம் எங்கே வருகிறது? அந்தக் கேள்வி பிறக்கும் இடத்துக்கு உங்களை அழைத்துப் போகிறேன். வெள்ளிக்கிழமை காலை, சமையல் மேசை, பெரிய பாத்திரம், கோதுமை மாவு.

வெள்ளி மாலை தொடங்கிச் சனி இரவு முடியும் ஓய்வு நாள் சப்பாத். அதற்கான ரொட்டிக்கு மாவு பிசைகிற பெண் அதிலிருந்து ஒரு துண்டு கிள்ளி ஒதுக்க வேண்டும். வேதத்தின் எண்ணாகமம் 15-ஆம் அதிகாரத்துக் கட்டளை. அந்தத் துண்டுக்குத்தான் ஹல்லா என்று பெயர். ரொட்டிக்கு அந்தப் பெயர் பிறகு ஒட்டிக்கொண்டது. கோதுமை, பார்லி, ஸ்பெல்ட், ஓட்ஸ், ரை என்ற ஐந்து தானியத்துக்கே இந்தக் கடமை. மாவும் தண்ணீரும் ஒரே உருண்டையாகத் திரண்ட பிறகு, பின்னலாகப் பிரிப்பதற்கு முன்னால், சுமார் 28 கிராம் கிள்ளி, ‘இது ஹல்லா’ என்று சொல்லி ஒதுக்குவார்கள்.

ஒதுக்கும்போது கடவுளைப் போற்றிச் சொல்வது ஆசிமொழி. எல்லா மாவுக்கும் அதைச் சொல்லலாமா? இங்கேதான் பேச்சு சூடுபிடிக்கிறது. பழைய நூல்களின் அளவு 43 முட்டையும் கொஞ்சமும் கொள்ளும் கொள்ளளவு. அதை எடைக்கு மாற்றினால், ஒரு கணக்குப்படி 1 கிலோ 666 கிராம், இன்னொரு கணக்குப்படி 2 கிலோ 250 கிராம். சுமார் 1 கிலோ 200 கிராமுக்குக் கீழே கடமையே இல்லை. நடுவில் இருந்தால் கிள்ளலாம், ஆசிமொழி கிடையாது.

இப்போது கடைக்குப் போங்கள். அமெரிக்கப் பெண் வாங்குவது ஐந்து பவுண்டு பை, அதாவது 2 கிலோ 268 கிராம். முழுப் பையையும் கொட்டிவிட்டால் இரண்டு கணக்கும் தீர்ந்தது, 18 கிராம் மிச்சம்! இஸ்ரேல்காரி வாங்குவது ஒரு கிலோ பை. இரண்டு பை கொட்டினால் முதல் கணக்குக்குப் போதும், இரண்டாவதுக்கு 250 கிராம் குறைகிறது. மூன்றாவது பையைப் பிரிப்பதா, எந்தக் கணக்கு நம் வீட்டுக் கணக்கு என்று மாமியாரைக் கேட்பதா? சமையல் குறிப்பு ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குப் போகும்போது கப், பவுண்டு, கிலோ என்று மாறி, கூடவே ஆசிமொழியும் மாறிவிடுகிறது. ‘லெஹஃப்ரிஷ் ஹல்லா’, ஹல்லாவை ஒதுக்க, என்று முடிப்பவர் உண்டு. ‘மின் ஹா-இஸா’, மாவிலிருந்து, என்று சேர்த்துச் சொல்பவரும் உண்டு. இஸ்ரேல் வெக்கையில் மாவில் வண்டும் புழுவும் வரும் என்று சலிக்காமல் தொடமாட்டார்கள். குளிர்நாட்டுக்காரி சல்லடையைப் பார்த்து, எதற்கு என்பாள்.

2013-இல் தென்னாப்பிரிக்காவில் எல்லாரும் சேர்ந்து ஒரு சப்பாத் காக்கும் இயக்கம் தொடங்கியது. ஜோஹன்னஸ்பர்க்கில் ஆயிரக்கணக்கான பெண்கள் திறந்தவெளியில் ஒன்றாக மாவு பிசைந்தார்கள். அடுத்த ஆண்டே அது உலகின் பல நகரங்களுக்குப் பரவியது. அங்கே வரும் சிக்கலைக் கேளுங்கள். ஆளுக்கொரு கிண்ணத்தில் ஒரு கிலோ மாவு என்றால் கடமையின் அளவே எட்டவில்லை. எல்லாக் கிண்ணத்தையும் சேர்த்துக் கணக்கிடலாமே என்றால் அதுவும் ஆகாது. அவரவர் மாவை அவரவர் வீட்டுக்கு எடுத்துப்போகப் போகிறார்கள். ஒருவர் மாவு இன்னொருவர் மாவோடு கலப்பதை விரும்பாதபோது இரண்டும் ஒன்றாகாது. அதனால் அறிந்தவர்கள் மேடையில் ஒருத்திக்கே உரிய பெரிய மாவைப் பிசையவைத்து, அதற்கு ஆசிமொழி சொல்ல, மற்றவர்கள் ‘ஆமென்’ என்பார்கள். அறியாதவர்கள் கூட்டமாக ஆசிமொழி சொல்லிவிட்டு, அப்புறம் ஒரு வாரம் தொலைபேசியில் விசாரிப்பார்கள்.

கிள்ளிய துண்டைக் கருகும்வரை எரிக்க வேண்டும். ரொட்டியோடு சேர்த்து அடுப்பில் வைக்கக்கூடாது. தனியாக, அலுமினியத் தாளில் சுற்றி. அடுக்குமாடியில் புகை எச்சரிக்கை மணி அலறும். அதனால் பலர் இரண்டு சுற்று சுற்றிக் குப்பையில் போடுகிறார்கள்.

மறந்துவிட்டால்? சுட்டபிறகு நினைவு வந்தால் பாதகமில்லை. ரொட்டிகளை ஒரே கூடையில் போட்டு, துணியால் மூடி, ஒன்றிலிருந்து கிள்ளலாம். ஆனால் சூரியன் மறைந்து சப்பாத் வந்தபிறகு நினைவு வந்தால் ஒதுக்கக்கூடாது. இந்த இடத்தில் உலகம் இரண்டாகப் பிரிகிறது, நடுவர் அவர்களே. லண்டன்காரி சாப்பிடலாம், ரொட்டியில் ஒரு துண்டை மிச்சம் வைத்து, சனி இரவு அதிலிருந்து பிரித்துவிடலாம். இஸ்ரேலின் ஹைஃபாக்காரி அந்த ரொட்டியைத் தொடவே கூடாது. இஸ்ரேல் மண்ணில் அந்தக் கடமை கனமானது, வெளியே அது நினைவு மாறாமலிருக்க வைத்த ஏற்பாடு. லண்டனில் வளர்ந்து ஹைஃபாவுக்குக் குடிபோன பெண் தன் அம்மா செய்ததையே செய்தால் தவறிவிடுவாள். அவளுக்கு யார் சொல்வது? பக்கத்து வீட்டு அக்காதான்.

சப்பாத் விளக்குக்கு வருகிறேன், சுருக்கமாக. பொதுவாகச் சூரியன் மறைய 18 நிமிடம் முன்னால் ஏற்றுவார்கள். ஜெருசலேமில் 40, ஹைஃபாவில் 30. அஷ்கெனாசி, அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய வழி வந்த வீட்டில் ஏற்றிவிட்டு, கையால் கண்ணை மூடி, ஆசிமொழி சொல்லி, பிறகு கண் திறப்பார்கள். ஆசிமொழி சொன்னதும் சப்பாத் தொடங்கிவிடும், அதற்குமேல் தீக்குச்சி உரசக்கூடாது. ஆசிமொழிக்குப் பிறகே வெளிச்சத்தை அனுபவிக்கவும் வேண்டும். இரண்டையும் சமாளிக்க வந்ததுதான் அந்தக் கைமூடல். ஸ்பெயின் வழி வந்த செபார்டி வீடுகள் பலவற்றில் ஆசிமொழி முதலில், விளக்கு பிறகு. இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே மேசையில் விருந்தாளியாக நின்றால் பேச்சு வராமல் எப்படி? ஜூன் மாதம் ஸ்டாக்ஹோமில் இரவு 10 மணிக்குத்தான் சூரியன் மறையும். குழந்தைகள் பசியில் தூங்கிவிடுமே என்று சீக்கிரம் ஏற்றலாம். ஆனால் பகலைப் பன்னிரண்டாகப் பகுத்து, அதில் ஒன்றேகால் பங்கு மீதமிருக்கும் நேரத்துக்கு, அங்கே ஏறக்குறைய 8 மணிக்கு, முன்னால் ஏற்றினால் செல்லாது, மறுபடி ஏற்ற வேண்டும். அதே வாரம் ஜோஹன்னஸ்பர்க்கில் குளிர்காலம். சாயங்காலம் ஐந்தரைக்குள் சூரியன் மறைந்துவிடும்.

மேற்குச் சுவர் சாட்சிக்கு எதிரணிக்கு அரை மதிப்பெண் கொடுத்துவிடுங்கள். அன்று போனவர்களில் மரபைக் கடுமையாகக் காக்கும் ஆர்த்தடாக்ஸ், நடுவழிக் கன்சர்வேடிவ், சீர்திருத்த ரிஃபார்ம் என்று எல்லாப் பிரிவினரும் இருந்தார்கள். ஒன்றாகத் தொழ முடிந்தது எப்படி? பத்து ஆண்கள் இருந்தால்தான் சொல்லலாம் என்று ஆர்த்தடாக்ஸ் பெண்கள் கருதும் பகுதிகளை எல்லாருமே விட்டுவிட்டதால். ஒரே மேசையில் யாருக்கு எது ஆகாது என்று பார்த்துப் பரிமாறுகிற புத்தி அது. அடுப்படியில் பழகியது.

கடைசியாக அரிசி. புளித்த கோதுமை உணவு முதலியவற்றை விலக்கும் பஸ்கா பண்டிகைதான் பெசாக். அந்த நாள்களில் மரபைக் காக்கும் அஷ்கெனாசிப் பெண் அரிசியைச் சமைக்கமாட்டாள். ஈராக், ஏமன், கொச்சி வழி வந்த பல வீடுகளில் சமைப்பார்கள், ஆனால் அரிசியைத் தட்டில் பரப்பி, கோதுமை மணி ஒன்றுகூடக் கலந்துவிடாதபடி மூன்று தடவை பொறுக்குவார்கள். மூன்றாம் தடவை என்ன கிடைக்கப்போகிறது என்று சலித்துக்கொள்ளும் மருமகளுக்கு, ஒரே ஒரு கோதுமை மணி போதும் பானை முழுவதும் வீணாக என்று சொல்ல ஒரு மூத்தவள் பக்கத்தில் வேண்டும்.

கொச்சி என்றதும் எதிரணியில் அடுத்துப் பேசவிருக்கும் தம்பி சிரிக்கிறார். தெரியும். கொச்சி யூதப் பெண்கள் மலையாளப் பாட்டுகளைக் கையால் எழுதிவைத்த நோட்டுப் புத்தகங்களைத் தூக்கிக் காட்டி, இதோ ஏடு என்பார். தம்பி, அவை பரீட்சைக்கு எழுதியவை அல்ல. கல்யாண வீட்டிலும் பண்டிகையிலும் கூடிப் பாட எழுதியவை. 1950-களில் அந்தப் பெண்கள் இஸ்ரேலின் நெவாதிம் போன்ற ஊர்களுக்குக் குடியேறியபோது அவையும் கூடவே போயின. இன்னொன்றும் கேட்டுக்கொள்ளுங்கள். கொச்சியில் இரண்டு பிரிவாக வாழ்ந்த பரதேசி யூதரும் மலபாரி யூதரும் பல தலைமுறை பெண் கொடுத்துப் பெண் எடுக்கவில்லை. ஆனால் இந்தப் பக்கத்து நோட்டில் இருக்கும் பாட்டு அந்தப் பக்கத்து நோட்டிலும் இருக்கிறது. எந்த வகுப்பறையில் உட்கார்ந்து அவர்கள் அதைப் பகிர்ந்துகொண்டார்கள் என்று தம்பி வந்து சொல்லட்டும், கேட்டுவிட்டுப் போகிறேன்.