இடது கைக்குப் பொறுமை வேண்டும்

அவையோருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி பறக்கவிட்ட ஜெட் போர் விமானம் மெசர்ஷ்மிட் 262 என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் பேசுகிறார்கள். மணிக்கு 870 கிலோமீட்டர். அமெரிக்காவின் மஸ்டாங் போர் விமானத்தால் விரட்டிப் பிடிக்க முடியாத வேகம், உண்மைதான். ஆனால் 1944-இல் அதில் ஏறிய விமானிக்கு முதல் கவலை, எரிபொருளைக் கூட்டிக் குறைக்கும் கைப்பிடியான த்ராட்டிலைப் பிடித்திருந்த தன் இடது கை.

ஜெர்மனியில் அப்போது, வெப்பம் தாங்கும் எஃகுக்கு வேண்டிய நிக்கலுக்கும் குரோமியத்துக்கும் தட்டுப்பாடு. அதனால் இந்த விமானத்தின் யுமோ 004 ஜெட் எஞ்சினின் எரியறைகளைச் சாதாரண எஃகில் செய்து, மேலே அலுமினியம் பூசினார்கள். ஓர் எஞ்சின் 10 முதல் 25 மணி நேரம் உழைத்தாலே பெரிது.

எஞ்சினைக் கிளப்புவதைப் பாருங்கள். காற்று நுழையும் வாயின் நடுவே எஞ்சினைச் சுழற்றிவிட ஒரு குட்டி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் இருக்கும். மின்சாரம் கைகொடுக்காவிட்டால், மண்ணெண்ணெய் மோட்டாரைக் கயிறு பிடித்து இழுப்போமே, அதேபோல இழுக்க வேண்டியதுதான். ஜெட் யுகம் இப்படித்தான் பிறந்தது!

எஞ்சின் பிடித்த பிறகுதான் சோதனை. நிமிடத்துக்கு 6000 சுற்று வரும்வரை த்ராட்டிலை அங்குலம் அங்குலமாக நகர்த்த வேண்டும். வெடுக்கென்று தள்ளினால் எரிபொருள் முந்திப் பாயும். காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கம்ப்ரசரோ அதற்கு ஈடான காற்றை இன்னும் தரத் தொடங்கியிருக்காது. சூடான வாயுவில் சுழலும் டர்பைனின் இதழ்கள் வெந்துபோகும், இல்லையேல் சுடர் அணைந்துவிடும்.

சண்டையிலும் இதே தொல்லை. 30 மில்லிமீட்டர் பீரங்கிகள் நான்கு. குண்டின் வேகம் குறைவு என்பதால் நெருங்கித்தான் சுட வேண்டும். ஆனால் நெருங்கும் வேகத்தில் குறிபார்க்கச் சில விநாடிகளே கிடைக்கும். த்ராட்டிலை இழுத்து வேகத்தைக் குறைப்பதும் ஆபத்து. அதனால் பின்னாலிருந்து பாய்ந்து, குண்டுவீச்சு விமானங்களுக்குக் கீழே இறங்கி, மறுபடி மேலேறி வேகத்தைத் தணித்துக்கொண்டு சுட்டார்கள். பாய்ச்சல் செங்குத்தாகிவிட்டாலோ, ஒலிவேகத்தில் 86 சதவீதத்தைத் தாண்டியதும் மூக்கு தானே கவிழும். கட்டுப்பாடு கையை விட்டுப் போகும்.

எல்லாவற்றையும்விட மோசம் தரையிறங்குவது. புரொப்பெல்லர் விமானத்தில் த்ராட்டிலை மூடினால் விசிறியே பிரேக்காகும். இங்கே விசிறி ஏது? வேகம் லேசில் அடங்காது. தூரத்திலிருந்தே தாழ்ந்து, நேர்கோட்டில் வர வேண்டும். சக்கரமும், இறக்கையின் பின்விளிம்பு மடிப்பான ஃபிளாப்பும் இறங்கியபின் பகைவன் பின்னால் வந்தால், எஞ்சின் சுழற்சி ஏறுவதற்குள் கதை முடிந்துவிடும். மஸ்டாங் விமானிகள் இதைக் கண்டுகொண்டு விமானத் தளங்களைச் சுற்றியே வட்டமடித்தார்கள்.

அதற்காகவே 1945-இல் மியூனிக்-ரீம் தளத்தில், ஜெர்மன் போர் விமானி அடால்ஃப் காலண்டின் ஜெட் படைப்பிரிவு, ஏறி இறங்கும் ஜெட்டுகளுக்குக் காவலாக ஃபோக்க-வுல்ஃப் 190 என்ற புரொப்பெல்லர் போர் விமானங்களைப் பறக்கவிட்டது. அவற்றின் அடிவயிறு முழுக்கச் சிவப்பு, குறுக்கே வெள்ளைக் கோடுகள். தரையிலிருக்கும் சொந்த விமான எதிர்ப்புப் பீரங்கிக்காரர்களே சுட்டுவிடக் கூடாதே!