அஞ்சல்தலை அறையும் ஒரு கையெழுத்தும்

நேயர்களுக்கு வணக்கம்.

முடியாட்சி போய் கம்யூனிஸ்ட் ஆட்சி வந்த கதை என்றால் நமக்கு ரஷ்யாதான் நினைவுக்கு வரும். இன்று நான் பேசப்போவது ருமேனியாவைப் பற்றி. அங்கே மாளிகையை மக்கள் முற்றுகையிடவில்லை. ஒரு கையெழுத்தில் காரியம் முடிந்தது.

1944 ஆகஸ்ட் 23. அரசர் மிஹாய்க்கு வயது 22. அதிகாரமெல்லாம் மார்ஷல் அன்டோனெஸ்குவிடம்; நாடு ஹிட்லரின் பக்கம். சோவியத்தின் செம்படையோ உள்ளே வந்துகொண்டிருக்கிறது. அன்று அரண்மனைக்கு வந்த மார்ஷலிடம், உடனே போர்நிறுத்தம் செய்துகொள்ளுங்கள் என்றார் அரசர். மார்ஷல் மசியவில்லை. அங்கேயே கைது. எங்கே அடைத்தார்கள் தெரியுமா? மிஹாயின் அப்பா கரோலுக்கு அஞ்சல்தலை சேர்ப்பதில் அப்படியொரு பைத்தியம். அவற்றை வைத்துப் பூட்ட அவர் கட்டிய பாதுகாப்பு அறையில்தான்! இரவு பத்து மணிவாக்கில் அரசரின் குரல் வானொலியில் வந்தது: ருமேனியா அணி மாறிவிட்டது. இப்படி ஒலிவாங்கிக்கு முன்னால் உட்காரும்போதெல்லாம் எனக்கு அந்த ஒலிபரப்பு நினைவுக்கு வரும்.

அப்போது ருமேனியக் கம்யூனிஸ்ட் கட்சியில் சுமார் ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். தடைசெய்யப்பட்ட சின்னக் கட்சி. ஆனால் செம்படை நாடு முழுக்க நின்றது. 1945 பிப்ரவரி இறுதியில் மாஸ்கோவிலிருந்து சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் வைஷின்ஸ்கி வந்து அரசரை நெருக்கினார். மார்ச்சில் பெட்ரு குரோசா பிரதமரானார். குரோசா கம்யூனிஸ்ட் கட்சிக்காரர்கூட இல்லை, உழவர் முன்னணியின் தலைவர். ஆனால் முக்கிய இலாகாக்கள் கம்யூனிஸ்டுகளிடம் போயின. அதே ஆண்டு ஸ்டாலின் மிஹாய்க்கு வைரம் பதித்த வெற்றி விருதும் கொடுத்தார். வேடிக்கைதான்.

ஆகஸ்டில் அரசர் வேலைநிறுத்தம் செய்தார். ஆமாம், அரசரே! குரோசா அரசு அனுப்பிய ஆணைகளில் கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். 1946 ஜனவரி வரை அது நீடித்தது. அரசாங்கமோ கையெழுத்து இல்லாமலே ஓடியது. என்னைக் கேட்டால், முடியாட்சி அப்போதே முடிந்துவிட்டது. பிறகு நடந்ததெல்லாம் சடங்கு. அப்புறம் மோசடித் தேர்தல். எதிர்க்கட்சித் தலைவர் யூலியு மனியுவுக்கு ஆயுள் தண்டனை.

1947 நவம்பரில் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு லண்டன் போன மிஹாய், அங்கேயே தங்கியிருக்கலாம். திரும்பி வந்தார். டிசம்பர் 30 அன்று, குடும்ப விஷயம் பேச வேண்டும் என்று சொல்லி அவரை புக்கரெஸ்ட்டுக்கு வரவழைத்தார்கள். தன் கல்யாணப் பேச்சு என்றே நினைத்துப் போனார். எலிசபெதா மாளிகையில் குரோசாவும் கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் கியோர்கியு-தேஜும் நீட்டியது முடிதுறப்புப் பத்திரம். வெளியே காவலர்களை மாற்றியாகிவிட்டது, தொலைபேசியும் துண்டிப்பு. கைதான மாணவர்களைச் சுட்டுவிடுவோம் என்று மிரட்டியதாக மிஹாய் பின்னாளில் சொன்னார். குரோசா தன் சட்டைப்பையில் துப்பாக்கி இருப்பதையும் உணர்த்தினாராம், அன்டோனெஸ்குவுக்கு நேர்ந்தது தனக்கும் நேரக்கூடாது என்று. அஞ்சல்தலை அறையை அவர் மறக்கவில்லை.

மிஹாய் கையெழுத்திட்டார். அன்றே மக்கள் குடியரசு அறிவிக்கப்பட்டது. 1948 ஜனவரி 3 அன்று அவரை ரயிலேற்றி அனுப்பினார்கள். அந்நிய மண்ணில் கோழி வளர்த்தார், சோதனை விமானியாக வேலை பார்த்தார். 1997இல்தான் குடியுரிமை திரும்பக் கிடைத்தது. 2017 டிசம்பரில், 96 வயதில் இறந்தார். புக்கரெஸ்ட்டிலிருந்து கூர்த்தேயா தே ஆர்ஜெஷ் கல்லறைக்கு அவர் உடலை ரயிலில்தான் கொண்டுபோனார்கள். வழிநெடுக மக்கள் நின்றிருந்தார்கள்.